ஹவுராவின் பட்டறையும் கோவையின் பட்டறையும்

நம் சங்கத்தின் சென்ற பொங்கல் விழாவில் வெண்பொங்கலும் கொத்சும் சாப்பிட்டு முடித்து, காபிக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது அந்தப் பேச்சு வந்தது. மகளைப் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஓர் அன்பர், ஹவுரா ஸ்டேஷனில் இறங்கி டாக்சியில் வந்த வழியை நினைத்துக்கொண்டு, "என்ன சார் இது, ஊரே துருப்பிடித்துக் கிடக்கிறதே?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற நம்மவர் ஒருவர், நாற்பது வருஷமாக இங்கேயே இருப்பவர், யோசிக்காமல் பதில் சொன்னார்: "இவங்களுக்கு உடம்பு வணங்காது சார். கொடி பிடிக்கத்தான் தெரியும்." எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

1974-ல் மெட்ராஸ் மெயிலில் வந்து இறங்கியவன் நான். ஹவுராவில் ஓர் இன்ஜினீயரிங் கம்பெனியின் கணக்குப் பிரிவில் உத்தியோகம். அந்தக் கம்பெனி இப்போது இல்லை, பெயர் வேண்டாம். காலையில் லேக் மார்க்கெட்டிலிருந்து பஸ் ஏறி, பாலம் கடந்து, பெலிலியஸ் ரோட்டுப் பட்டறைகளின் சத்தத்துக்கு நடுவே நடந்து ஆபீஸ் போவேன். ஆகையால் ஹவுராவைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். (கொல்கத்தா என்று 2001 முதல் அரசாங்கமே எழுதுகிறது. என் பேனாவுக்குக் கல்கத்தாதான் வருகிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

முதலில், இந்த ஊருக்கு என்னென்ன வாய்த்திருந்தது என்று பார்க்கலாம். 1854 ஆகஸ்டு 15-ல் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. வாசலிலேயே கங்கை, எதிர்க்கரையில் துறைமுகம். ராணிகஞ்ச் நிலக்கரியும் ஜாம்ஷெட்பூர் இரும்பும் ஒரு ராத்திரிப் பயணத் தூரம். கரையோரம் முழுக்கச் சணல் ஆலைகள். லிலுவாவில் ரயில்வே பணிமனை. சிப்பூரில் பொறியியல் கல்லூரி. 1856-ல் கல்கத்தாவில் தொடங்கி 1880-ல் ஆற்றைக் கடந்து இங்கே வந்தது. கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வந்தது 1951-ல்தான். 1943 பிப்ரவரியில் திறந்த ஹவுரா பாலத்துக்கு 26,500 டன் எஃகு பிடித்தது. அதில் 23,000 டன் டாட்டாவின் எஃகு. யுத்த காலத்தில், நட்டு போல்ட்டு இல்லாமல் ரிவெட் அடித்தே அதை நிறுத்தினார்கள். அதைச் செய்த கைகள் இந்தக் கரைகளில் இருந்தவைதான். கீழ்நாட்டு ஷெஃபீல்டு என்று ஹவுராவுக்குப் பெயர் வந்தது சும்மா இல்லை.

கோவைக்கு இதில் ஒன்றுகூட இல்லை. இரும்பு இல்லை, கரி இல்லை, கப்பல் வராது, நொய்யலில் தண்ணீரும் பாதி நாள் வராது. பருத்தி இருந்தது. 1888-ல் ஸ்டேன்ஸ் துரையின் மில் வந்தது. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டார் செய்து காட்டினார்கள். அங்கே ஆரம்பித்து பம்ப்செட், நூற்பு இயந்திரம், மோட்டார் வண்டி உதிரி பாகங்கள் என்று ஊர் முழுக்கப் பட்டறையாகிப் போனது.

எல்லாம் இருந்த ஊர் ஏன் படுத்தது, ஒன்றும் இல்லாத ஊர் ஏன் எழுந்தது? "வேலை செய்யமாட்டார்கள்" என்பது இந்தக் கேள்விக்கு நாம் வைத்திருக்கும் சோம்பேறிப் பதில்.

வங்காளத்து நண்பர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும். டெல்லி எங்களைக் கெடுத்தது என்பார்கள். அதில் நியாயம் நிறையவே உண்டு. 1947-ல் கோடு போட்டபோது சணல் விளையும் வயல்களில் பெரும்பகுதி அந்தப் பக்கம் போயிற்று, ஆலைகள் இந்தப் பக்கம் நின்றன. 1950களில் இரும்புக்கும் எஃகுக்கும் சரக்குக் கட்டணச் சமன்பாடு என்று ஒரு கொள்கை வந்தது. ஜாம்ஷெட்பூர் எஃகை ஹவுராவில் வாங்கினாலும் கோவையில் வாங்கினாலும் ஒரே விலை. பருத்திக்கு இப்படி ஒரு சலுகை வங்காளத்துக்குக் கிடைக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் அந்தக் கொள்கையைக் கைவிடுவதற்குள் முப்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. நம் கோவையின் சாமர்த்தியத்தைப் பற்றி மேடையில் பேசும்போது, அந்தச் சாமர்த்தியத்துக்கு இரும்பு எந்த விலையில் வந்தது என்பதையும் சொல்வதுதான் நேர்மை.

ஆனால் அதுவே முழுக்காரணம் என்றால் என் கணக்குப் புத்தகம் ஒப்புக்கொள்ளாது. நான் இருந்த கம்பெனியின் விற்பனைப் பேரேட்டைத் திறந்தால், பத்தில் எட்டுப் பக்கம் ஒரே வாடிக்கையாளர். ரயில்வே. பெரிய கம்பெனி வேகன் செய்யும். அதற்கு வேண்டிய வார்ப்புச் சாமான்களைச் சின்னப் பட்டறைக்குக் கொடுக்கும். சின்னப் பட்டறை அதில் பாதியை அதைவிடச் சின்னப் பட்டறைக்குக் கொடுக்கும். 1960களின் நடுவில் ரயில்வே வேகன் ஆர்டரைக் குறைத்தது. ரயில்வே தும்மியது, ஹவுராவுக்கு ஜன்னி கண்டது. நான் வந்து சேர்ந்தபோது அந்த ஜன்னி எட்டாவது வருஷமாக நடந்துகொண்டிருந்தது. போதாததற்கு லோட்ஷெடிங். உலை கொதிக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று பட்டறைக்காரரைக் கேட்டால்தான் தெரியும்.

கோவையில் பம்ப்செட் வாங்கியவன் ஒரு விவசாயி இல்லை, ஆயிரம் விவசாயி. ஒருவன் வாங்காவிட்டால் இன்னொருவன். அதோடு அவன் பக்கத்து ஊர்க்காரன். பம்ப் தண்ணீர் இறைக்கவில்லை என்றால் மறுநாள் காலை பட்டறை வாசலில் வந்து நின்று சத்தம் போடுவான். அந்தச் சத்தம்தான் கோவைப் பட்டறைக்குப் பள்ளிக்கூடம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹவுரா மிஸ்திரி வார்த்த சாமான் எந்த வேகனில் எந்த ஊரில் ஓடுகிறது என்பதே அவனுக்குத் தெரியாது. நடுவில் மூன்று பேர் கமிஷன் எடுத்திருப்பார்கள்.

இன்னொன்று லாபம் எங்கே போனது என்பது. ஹவுராவின் பெரிய ஆலைகளின் முதலாளிகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிளைவ் ஸ்ட்ரீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கும் மேலே லண்டனில் இருந்தார்கள். வெள்ளைக்காரர் போன பிறகு வாங்கியவர்களில் பலர் வியாபாரிகள். பழைய மெஷினை ஓடுகிற வரையில் ஓட்டினார்கள், அது கக்கிய காசை வேறு இடத்தில் போட்டார்கள். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ஆலாமோகன் தாஸ் என்ற வங்காளி தம் பெயரிலேயே தாஸ்நகர் என்று ஒரு தொழில் நகரத்தை ஹவுராவில் உண்டாக்கினார், எடை மெஷினும் தறியும் செய்தார். அவரைப் போல் பத்துப் பேர் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். கோவை முதலாளி மில்லில் வந்த காசை அதே ஊரில் பட்டறையிலும் கல்லூரியிலும் போட்டார். மகனைப் படிக்கவைத்து அதே பட்டறையில் உட்காரவைத்தார். சிப்பூர் கல்லூரியிலிருந்து வெளியே வந்த பையன்கள் பிலாய்க்கும் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். இரண்டு மைல் தூரத்தில் இருந்த பெலிலியஸ் ரோட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர்? கல்லூரிக்கும் பட்டறைக்கும் நடுவில் ஆறுகூட இல்லை. ஆனாலும் பாலம் யாரும் கட்டவில்லை.

கொடி பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். மறைக்க வேண்டியதில்லை. 1967-க்குப் பிறகு கெராவ் என்ற சொல்லை இந்த ஊர்தான் நாட்டுக்குக் கொடுத்தது. எங்கள் மானேஜரே ஒரு முறை ராத்திரி முழுக்க உட்கார்ந்தார். நானும் டிபன் டப்பாவோடு உள்ளே மாட்டிக்கொண்டேன். பயந்த முதலாளிகள் போனார்கள், புதியவர்கள் வரவில்லை. ஆனால் அதற்குப் பின் நடந்ததையும் சேர்த்துப் பேச வேண்டும். 1980களிலும் 1990களிலும் மேற்கு வங்காளத்தில் வேலைநிறுத்தத்தால் வீணான நாட்களைவிட, முதலாளி பூட்டுப் போட்டதால் வீணான நாட்கள்தான் அதிகம். 1993-ல் ஹவுரா மாவட்டத்துப் பூலேஷ்வரில் கனோரியா சணல் ஆலைத் தொழிலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பூட்டிய கதவைத் தாங்களே திறந்து உள்ளே போனார்கள். ஆலையை ஓட்ட விடு என்பதுதான் கோரிக்கை. சுற்று வட்டாரத்துக் கிராமங்கள் அரிசியும் காய்கறியும் கொடுத்துப் பொதுச் சமையலறை நடத்தின. வேலை செய்ய உடம்பு வணங்காதவர்கள் செய்கிற காரியமா இது?

இதைவிடப் பெரிய சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. கோவையில் எந்த வார்ப்படப் பட்டறைக்குப் போனாலும் மணல் அடிப்பவர்கள், உருகிய இரும்பைச் சுமப்பவர்கள் யார் என்று பாருங்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம். பெலிலியஸ் ரோட்டுக்குப் பக்கத்தில் எனக்குப் பழக்கமான ஒரு மிஸ்திரி இருக்கிறார். வயது அறுபத்தெட்டு. அவருடைய சின்ன மகன் கோவை கணபதியில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். ஆறு பேர் ஒரு அறை. அப்பாவைவிட இரண்டு மடங்கு சம்பளம். இங்கே இரும்பு வார்த்தவனின் மகன் அங்கே போய் இரும்பு வார்க்கிறான். அரை நூற்றாண்டுக்கு முன் வேலை தேடி நான் வடக்கே வந்த அதே தண்டவாளத்தில் அவன் தெற்கே போகிறான்.

2023 ஜூன் 2-ம் தேதி ராத்திரி அந்த மிஸ்திரி எனக்குப் போன் செய்தார். ஹவுராவின் ஷாலிமாரிலிருந்து பிற்பகலில் சென்னைக்குக் கிளம்பிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பாலசோர் பக்கம் பஹானகாவில் மோதிச் சிதறிய நாள் அது. 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தெற்கே கூலி வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்து உட்காரும் முன்பதிவில்லாப் பெட்டிகள் முன்னால் இருந்தன. மிஸ்திரியின் மகன் அதற்கு முந்தின வாரமே லீவு முடிந்து போயிருந்தான். "என் பையன் தப்பித்தான் பாபு, நான் யாரிடம் சந்தோஷப்படுவது?" என்றார். அவர் தெருவிலிருந்தே அந்த வண்டியில் போனவர்கள் இருந்தார்கள்.

ஹவுராவின் இன்றைய பிரச்னை பட்டறையே இல்லை என்பதல்ல. நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அமெரிக்க நகரங்களின் பாதாளச் சாக்கடை மூடிகள் பல இங்கே வார்க்கப்பட்டுத்தான் கப்பல் ஏறுகின்றன. 2007-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, ஹவுராவில் வெறுங்காலோடு நின்று உருகிய இரும்பை ஊற்றுகிறார்கள் என்று படத்தோடு எழுதியது. நியூயார்க் தெருவில் நடக்கிறவன் காலுக்குச் சாக்கடை மூடி, அதைச் செய்தவன் காலுக்குச் செருப்பு இல்லை. அந்தச் செய்தி வந்ததும் அங்கே கொஞ்சம் பரபரப்பு. இங்கே எங்கள் ஆபீஸ் பழைய நண்பர்கள், "அவர்கள் விலையை ஏற்றிக் கொடுத்தால் நாங்கள் பூட்ஸ் வாங்கமாட்டோமா" என்றார்கள். அதுவும் பதில் இல்லைதான். சாக்கடை மூடி எடைக்கு விற்கும் சரக்கு. இவனைவிட ஐந்து பைசா குறைத்துச் சொல்ல இன்னொருவன் எப்போதும் இருப்பான். கோவைக்காரர் எடைக்கு விற்பதை விட்டு, சோதித்துச் சான்றிதழ் வைத்து விற்கும் சரக்குக்கு மாறினார். மிஸ்திரி இரும்பின் நிறத்தைப் பார்த்தே கார்பன் அதிகமா குறைவா என்று சொல்லிவிடுவார். அவர் மகன், துண்டு வெட்டி மெஷினில் வைத்து, அச்சடித்த காகிதத்தில் அதைப் பார்க்கிறான். வாங்குகிற கார் கம்பெனிக்கு மிஸ்திரியின் கண் வேண்டாம், காகிதம்தான் வேண்டும்.

புதிய முறை ஹவுராவுக்கு வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1998-ல் டாட்டா எரிசக்தி ஆராய்ச்சி நிறுவனம், சுவிட்சர்லாந்து அரசின் உதவியோடு, புகையும் கோக் செலவும் குறைந்த புதுவிதக் குபோலா உலையை முதலில் நிறுவிக் காட்டியதே ஹவுராவில்தான். கோக் செலவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமானது. ஆனால் உலை மாற்றப் பணம் வேண்டும், பணத்துக்கு வங்கி வேண்டும், வங்கிக்கு நிலத்துப் பத்திரம் வேண்டும். பெலிலியஸ் ரோட்டில் பாதிப் பட்டறை வாடகை இடம்.

அந்த இடமும் எத்தனை நாளைக்கு? 2024 மார்ச்சில் கங்கைக்கு அடியிலேயே மெட்ரோ ரயில் வந்துவிட்டது. ஆற்றைக் கடக்க 45 வினாடி. நானும் பேரனோடு போய்ப் பார்த்துப் பிரமித்தேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் மெட்ரோ வந்த ஊரில் முதலில் ஏறுவது நிலத்தின் விலை. மூடிய ஆலை நிலங்களில் ஆற்றைப் பார்த்தபடி அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. உலை வைத்திருப்பவன் பத்து வருஷம் சம்பாதிப்பதைப் புரமோட்டர் ஒரே கையெழுத்துக்குக் கொடுக்கிறான். 1976-ல் அரசுடைமையாகி, 2018-ல் மத்திய அமைச்சரவை மூடிவிடத் தீர்மானித்த பர்ன் ஸ்டாண்டர்டு போன்ற இடங்களும் இந்தக் கணக்கில் சேரும். தொழில் நடந்த நிலம் தொழிலுக்கே என்று ஒரு சட்டம் செய்து காப்பாற்றாவிட்டால், ஹவுரா கல்கத்தாவுக்குப் படுக்கையறையாகத்தான் மிஞ்சும். மும்பை ரோட்டோரம் தூலாகர், சாங்க்ரைல் பக்கம் பெரிய கிடங்குகள் வந்திருக்கின்றன, வேலையும் கொடுக்கின்றன. ஆனால் பெட்டி தூக்கி அடுக்கும் வேலையில் அப்பாவின் கைத்தொழில் மகனுக்குப் போய்ச் சேராது.

ஊரை நடத்த ஆளும் வேண்டும். 1862-லேயே நகராட்சி கண்ட ஊர் இது. 2011 கணக்குப்படி 10.77 லட்சம் ஜனங்கள். 2013-ல் தேர்ந்தெடுத்த மாநகராட்சி மன்றத்தின் காலம் 2018 டிசம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லாமல் அதிகாரிகள் பொறுப்பிலேயே வருஷங்கள் ஓடின. 2025 மார்ச்சில் பெல்காசியா குப்பைமேட்டில் நிலம் சரிந்தது. வீடுகள் வெடித்தன, குடிநீர்க் குழாய் உடைந்தது, பாதி ஊருக்குத் தண்ணீர் இல்லை. அந்த வெயிலில் குடத்தோடு நின்றவர்கள் எந்தக் கவுன்சிலர் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போடுவது? மாநிலத்தின் தலைமைச் செயலகமே 2013-ல் ஹவுராவின் சிப்பூருக்கு வந்தது. அந்தக் கட்டிடம் முதலில் ஆயத்த ஆடைத் தொழிலுக்காகக் கட்டியது என்பது உங்களுக்குத் தெரியுமா? தையல் மெஷின் வரவேண்டிய மாடிகளில் ஃபைல்கள் வந்தன.

இதையெல்லாம் எழுதி, கோவைதான் சொர்க்கம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். பம்ப்செட்டில் ராஜ்கோட்டும் அகமதாபாதும் கோவையின் கழுத்துக்கு வந்துவிட்டன. பக்கத்துத் திருப்பூரில் சாயத் தண்ணீர் நொய்யலை நாசம் செய்து, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றமே சாயப்பட்டறைகளைப் பூட்டச் சொல்ல வேண்டி வந்தது. ஹவுராக்காரர்களும் 1950-ல் தங்கள் ஊர் படுத்துப்போகும் என்று நினைத்திருக்கமாட்டார்கள். ஒரே மாதிரி வாடிக்கையாளரை, அதாவது மோட்டார் வண்டிக் கம்பெனிகளை, இப்போது கோவையும் அதிகம் நம்பியிருக்கிறது. பெட்ரோல் என்ஜின் போய் பாட்டரி வண்டி வந்தால் என்ஜினுக்கு வார்த்துக் கொடுத்தவன் கதி என்ன என்று அங்கே இப்போதே கவலைப்படுகிறார்கள். கவலைப்படுகிறார்களே, அது நல்லதுதான்.

செப்டம்பர் 17 விஸ்வகர்மா பூஜை. முன்பெல்லாம் அன்றைக்கு ஹவுராவில் பட்டறைக்குப் பட்டறை பந்தல், வானம் முழுக்கப் பட்டம். இந்த முறை மிஸ்திரி அழைத்தார் என்று போயிருந்தேன். அவர் தெருவில் நான்கு இடத்தில்தான் பூஜை. லேத் மெஷினுக்கு மாலை போட்டு, கிச்சடியும் வறுவலும் கொடுத்தார்கள். மகன் கோவையிலிருந்து செல்போனில் தன் பட்டறையைக் காட்டினான். மிஸ்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். மணல் எங்கிருந்து வருகிறது, எத்தனை தடவை திரும்ப உபயோகிக்கிறார்கள், சோதிக்கிற மெஷினுக்கு விலை என்ன, அதை எல்லாப் பட்டறையும் வாங்கிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பொதுவான சோதனைச் சாலை இருக்கிறது, சின்னப் பட்டறைகள் காசு கொடுத்து அங்கே பார்த்துக்கொள்ளும் என்றான் பையன். "அப்படி ஒன்று இந்தத் தெருவுக்கு வந்தால் நானே தினம் போய் உட்காருவேன்" என்றார்.

இதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் சங்கத்தில் கோவைத் தொடர்புள்ள குடும்பங்கள் இருக்கின்றன. பட்டறை வைத்திருப்பவர்களின் சம்பந்திகளும் இருக்கிறார்கள். அங்கே 1969 முதல் சிறுதொழில் சங்கமான கொடிசியா நடக்கிறது. பெலிலியஸ் ரோட்டிலிருந்து ஐந்தாறு சின்னப் பட்டறைக்காரர்களையும் அந்த மிஸ்திரியையும் ஒரு வாரம் கோவைக்கு அழைத்துப்போய், சோதனைச் சாலையையும் நாலு பட்டறைகளையும் காட்டிக் கூட்டிவர எவ்வளவு செலவாகிவிடும்? ஒரு கச்சேரிக்கு ஆகிற செலவு. மொழிபெயர்க்க நான் கூடப் போகத் தயார். காபி வரிசையில் என்னோடு சிரித்த அன்பரும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கோரமண்டலுக்கு அறுபது நாள் முன்னால் முன்பதிவு திறக்கிறது, திறந்த கையோடு தீர்ந்தும் விடுகிறது. விருப்பமுள்ளவர்கள் இம்மாதக் கடைசிக்குள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.